ஓட்டை விழுந்த காலணி: நோய்த் துப்பறிவாளர்கள் பிறந்த கதை

உலக உருண்டையின் மேல் பதிந்த ஒரு காலணியின் அடிப்பாகம். அதன் நடுவில், நடந்து நடந்து தேய்ந்து விழுந்த ஓட்டை. அமெரிக்காவின் நோய்த் துப்பறிவாளர்கள் தங்கள் அமைப்புக்குச் சின்னமாக வைத்திருப்பது இதைத்தான். "என்றைக்குக் காய்ச்சல் வந்தது? அதற்கு முதல் நாள் எங்கே போனீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? கூட யார் இருந்தார்கள்?" என்று வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டே நோயின் மூலத்தைத் தேடுகிறவர்கள் அவர்கள்.

அமைப்பின் பெயர் எபிடெமிக் இன்டெலிஜென்ஸ் சர்வீஸ். சுருக்கமாக இ.ஐ.எஸ். 1951ல் தொடங்கியது. ஏதோ ஒரு கொள்ளைநோய் பரவியதால் தொடங்கவில்லை. எதிரி வேண்டுமென்றே கிருமியைத் தூவிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் தொடங்கினார்கள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் ஜப்பானிய ராணுவத்தின் 731ஆம் பிரிவு மஞ்சூரியாவில் கிருமி ஆயுதங்களைத் தயாரித்தது. கைதிகளின் உடம்பில் சோதித்துப் பார்த்தது. 1940ல் சீனாவின் நிங்போ நகரத்தின் மேல் பிளேக் தொற்றிய தெள்ளுப்பூச்சிகளை விமானத்திலிருந்து கொட்டியது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். போர் முடிந்த பிறகு அந்தப் பிரிவின் தலைவர்களிடமிருந்து ஆய்வுக் குறிப்புகளை வாங்கிக்கொண்டு, தண்டனை இல்லாமல் விட்டுவிட்டது அமெரிக்கா. எந்தக் காரணம் சொன்னாலும் இதை நியாயப்படுத்த முடியாது. அமெரிக்காவே 1943 முதல் மேரிலாந்தில் கேம்ப் டெட்ரிக் என்ற இடத்தில் கிருமி ஆயுத ஆராய்ச்சி நடத்திவந்தது. தன்னிடம் இருப்பது எதிரியிடமும் இருக்கும் என்று நினைப்பது இயல்புதானே. 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் வாஷிங்டனில் அந்த நினைப்பு அச்சமாக மாறியது.

அந்தச் சமயத்தில் அட்லாண்டாவில் அலெக்சாண்டர் லாங்மியூர் என்ற மருத்துவர் இருந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1949ல் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யின் தலைமைத் தொற்றுநோயியலாளராக வந்து சேர்ந்திருந்தார். இன்று உலகமே அறிந்த சி.டி.சி. அப்போது சின்ன அமைப்பு. போர்க் காலத்தில் ராணுவ முகாம்களைச் சுற்றி மலேரியாக் கொசுவை ஒழிக்க 1942ல் ஏற்படுத்திய அலுவலகத்தின் வாரிசு. 1946 ஜூலை 1ல் புதுப் பெயர் பெற்றது. தெற்கு மாநிலங்களில்தான் மலேரியா அதிகம் என்பதால் தலைநகரத்தை விட்டு அட்லாண்டாவில் அமைந்தது.

லாங்மியூர் வந்ததும் மலேரியா என்று பதிவான கேஸ்களை ஒவ்வொன்றாக நேரில் போய்ச் சரிபார்க்கச் சொன்னார். சரிபார்த்தால், பெரும்பாலானவை மலேரியாவே இல்லை. தெற்கு மாநிலங்களை விட்டு நோய் போய்விட்டிருந்தது. காய்ச்சல் என்றால் மலேரியா என்று எழுதும் டாக்டர்களின் பழக்கம் மட்டும் போகவில்லை. அவருடைய பிற்காலச் சிந்தனை முழுவதும் இந்த அனுபவத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஊரில் வழக்கமாக என்ன நோய், எத்தனை பேருக்கு, எந்த மாதத்தில் வருகிறது என்று தெரியாதவருக்கு வழக்கத்துக்கு மாறானது எது என்றும் தெரியாது.

இதை வைத்துத்தான் அவர் தன் வாதத்தைக் கட்டினார். கிருமித் தாக்குதலுக்குச் சைரன் ஊதாது. குண்டு விழுந்தால் சத்தம் கேட்கும். கிருமி விழுந்தால் சில நாள் கழித்து ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் வழக்கத்தை விடக் கூடுதலாக நாலு பேர் வந்து படுப்பார்கள். அந்த நாலு பேரைக் கவனிக்கிற கண் நாட்டில் இல்லை. இளம் டாக்டர்களைப் பிடித்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். தாக்குதல் வரும்வரை அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். நாட்டில் எங்கே என்ன நோய் கிளம்பினாலும் ஓடிப்போய் விசாரிக்கட்டும். அதுவே பயிற்சி.

போர் என்ற சொல்லுக்கு அன்றைக்கு நிதி கிடைத்தது; பொதுச் சுகாதாரம் என்ற சொல்லுக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. இது லாங்மியூருக்கு நன்றாகத் தெரியும். ஆள் கிடைப்பதற்கும் போரே வழி செய்தது. இளம் டாக்டர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இருந்த காலம் அது. சி.டி.சி.யில் இரண்டு வருடம் வேலை பார்த்தால் அது அந்தக் கணக்கில் சேரும். 1951 ஜூலையில் 22 டாக்டர்களும் ஒரு சுகாதாரப் பொறியாளருமாக இ.ஐ.எஸ்.ஸின் முதல் குழு வகுப்பில் வந்து உட்கார்ந்தது.

இந்த அமைப்பின் பயிற்சியில் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவரும் ஒரு கணக்கு உண்டு. 1940 ஏப்ரலில், நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ வட்டாரத்தில் ஒரு சர்ச் விருந்து. சாப்பிட்டுப் போனவர்களுக்கு அன்று இரவே வாந்தியும் வயிற்றுப்போக்கும். சுகாதாரத் துறையினர் 75 பேரை விசாரித்தார்கள். 46 பேர் நோய்ப்பட்டிருந்தார்கள். மேஜையில் இருந்தவையோ ஏராளம். இறைச்சி, கீரை, உருளைக்கிழங்கு, கேக், காபி, இரண்டு வகை ஐஸ்கிரீம். எதைக் குற்றம் சொல்வது?

ஒவ்வொரு உணவுக்கும் இரண்டு கேள்வி. சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு வந்தது? சாப்பிடாதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது? வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்கள் 54 பேர். அவர்களில் 43 பேருக்கு நோய். சாப்பிடாதவர்கள் 21 பேர்; அவர்களில் 3 பேருக்குத்தான் நோய். வேறு எந்த உணவிலும் இவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். நோய் வந்தவர்களை மட்டும் கேட்டால் விடை கிடைக்காது, வராதவர்களையும் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர். விசாரணைக்கு வருகிறவர் நன்றாக இருக்கிற நம்மிடமும் ஏன் கேள்வி கேட்கிறார் என்று ஜனங்கள் எரிச்சல்படுவது எல்லா ஊரிலும் நடக்கும்.

முதல் குழு வகுப்பில் சேர்ந்த அதே 1951ல் கொரியாவில் ஐ.நா. படையினருக்கு விநோதமான காய்ச்சல் ஒன்று வந்தது. இரத்தக் கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு. அங்கிருந்த ராணுவ டாக்டர்கள் யாரும் அதற்கு முன் பார்த்திராத நோய். போர் முடிவதற்குள் 3,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். இது எதிரியின் வேலைதான் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. காரணம் தெரிய கால் நூற்றாண்டு ஆனது. 1976ல் லீ ஹோ-வாங் என்ற கொரிய விஞ்ஞானி, வயல் எலிகளின் நுரையீரலில் அந்த வைரஸைக் கண்டுபிடித்தார். அந்தப் பக்கம் ஓடும் ஹன்டன் ஆற்றின் பெயரால் அதற்கு ஹன்டான் வைரஸ் என்று பெயர். எதிரி யாரும் தூவவில்லை. எலிகள் வாழும் வயலில் படைவீரர்கள் போய்க் குழி தோண்டிப் படுத்தார்கள், அவ்வளவுதான்.

எதிரி வரவில்லை. வேலை வந்துகொண்டே இருந்தது. 1955 ஏப்ரல் 12ல் போலியோத் தடுப்பூசி வெற்றி என்று அறிவித்ததும் அமெரிக்கா கொண்டாடியது. இரண்டு வாரத்துக்குள், ஊசி போட்ட குழந்தைகளுக்கே வாதம் வந்ததாகத் தகவல்கள் வரத் தொடங்கின. லாங்மியூரின் ஆட்கள் நாடு முழுவதும் ஒவ்வொரு கேஸையும் சேகரித்தார்கள். எந்த ஊசி, எந்த நிறுவனம், எந்த லாட், எந்தக் கையில் போட்டது, எந்த உறுப்பு முதலில் செயலிழந்தது. கட்டர் என்ற நிறுவனத்தின் சில லாட்களில் வைரஸ் சாகாமல் உயிரோடு இருந்தது தெரிந்தது. 10 பேர் இறந்தார்கள், சுமார் 200 பேருக்கு வாதம் வந்தது. இந்தக் கணக்கெடுப்பு நடக்காமல் போயிருந்தால் எல்லா நிறுவனங்களின் ஊசி மேலும் பழி விழுந்திருக்கும். போலியோத் தடுப்பூசியே அன்றோடு முடிந்திருக்கலாம்.

பெரியம்மை ஒழிப்பை நடத்திய டி.ஏ. ஹெண்டர்சன், நோய் வந்தவரைச் சுற்றியுள்ளவர்களைத் தேடித் தேடி ஊசி போட்டாலே போதும் என்று நைஜீரியாவில் காட்டிய வில்லியம் ஃபேகி ஆகிய இருவரும் இந்தப் பள்ளியில் உருவானவர்கள். ஃபேகியின் அந்த முறைதான் இந்தியாவிலும் 1975ல் பெரியம்மைக்கு முடிவு கட்டியது. 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நிமோனியாவைப் பற்றிய குறிப்பை எழுதியவர்களில் ஒருவர் அங்கே பணியிலிருந்த இ.ஐ.எஸ். அதிகாரி. எய்ட்ஸைப் பற்றி உலகத்துக்குக் கிடைத்த முதல் தகவல் அது.

முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்த தாக்குதல் கடைசியில் வந்தபோது என்ன நடந்தது என்பதை நிறுத்திச் சொல்ல வேண்டும்.

1984 செப்டம்பர். ஒரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில், தி டேல்ஸ் என்ற சிற்றூர். சுமார் பத்தாயிரம் பேர் வாழும் இடம். திடீரென்று ஊரில் பலருக்கும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. சால்மொனெல்லா என்று பரிசோதனை சொன்னது. இரண்டு அலையாக வந்த நோயில் 751 பேர் பாதிக்கப்பட்டார்கள். 45 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நல்லவேளை, யாரும் சாகவில்லை. சி.டி.சி.யிலிருந்து குழு வந்தது. ஊரில் 38 உணவகங்கள். நோய் கிளம்பியது 10ல். அந்தப் பத்தில் எட்டில், வாடிக்கையாளர்களே காய்கறிகளை எடுத்துப் போட்டுக்கொள்ளும் சாலட் பார் இருந்தது. மீதி 28ல் மூன்றில்தான் இருந்தது. ஆஸ்வீகோ ஐஸ்கிரீம் கணக்குதான், பெரிய அளவில்.

சாலட் பார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எப்படி? பத்து உணவகத்துக்கும் பொதுவான காய்கறி வியாபாரி இல்லை. தண்ணீரில் குறையில்லை. யாராவது வேண்டுமென்றே கலந்திருப்பார்களோ என்று விசாரணையாளர்கள் யோசித்தார்கள், பிறகு அந்த யோசனையை ஒதுக்கினார்கள். யாரும் பொறுப்பேற்கவில்லை, காரணம் எதுவும் புலப்படவில்லை, அப்படி முன்பு நடந்ததில்லை. சமையலறை ஊழியர்களின் கையிலிருந்து பரவியிருக்கலாம் என்று அறிக்கை போனது. கிருமித் தாக்குதலைக் கண்டுபிடிக்கவென்றே பிறந்த அமைப்பின் கண் முன்னே தாக்குதல் நடந்து, அது இயற்கை என்று கோப்பு மூடப்பட்டது.

ஒரு வருடம் கழித்து உண்மை வந்தது, அதுவும் குற்றவாளிகளின் வீட்டுக்குள்ளிருந்தே. தி டேல்ஸுக்குத் தெற்கே இந்திய ஆன்மிக குரு ரஜனீஷின் சீடர்கள் ஒரு பெரிய பண்ணையில் நகரம் கட்டி வாழ்ந்துவந்தார்கள். 1985 செப்டம்பரில், தன் செயலாளராக இருந்த ஷீலாவும் அவருடைய ஆட்களும் பல குற்றங்களைச் செய்துவிட்டு ஓடிப்போனதாக ரஜனீஷே பத்திரிகையாளர்களிடம் அறிவித்தார். போலீஸ் உள்ளே போனபோது அங்கிருந்த மருத்துவக் கூடத்தில் அதே வகை சால்மொனெல்லா கிடைத்தது. தி டேல்ஸ் அடங்கிய வாஸ்கோ வட்டாரத் தேர்தலில் உள்ளூர்க்காரர்கள் வாக்களிக்க முடியாமல் படுக்கையில் கிடக்க வேண்டும், தங்கள் ஆட்கள் ஜெயிக்க வேண்டும் என்பது திட்டம். அதற்கான ஒத்திகைதான் இந்த விஷமம். ஷீலாவுக்கு 1986ல் சிறைத் தண்டனை கிடைத்தது. இந்த விசாரணையின் முழுக் கட்டுரையை 1997 வரை வெளியிடாமல் வைத்திருந்தார்கள், வேறு யாரும் பார்த்துப் பழகிவிடக் கூடாது என்று.

கொரியாவில் அதிசயமாகத் தெரிந்தது இயற்கையின் வேலை. தி டேல்ஸில் சர்வசாதாரணமாகத் தெரிந்தது மனிதனின் வேலை. கிருமியைப் பார்த்து மட்டும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. கணக்கு எங்கே ஒத்துவரவில்லையோ, அங்கே பிடிவாதமாக நிற்க வேண்டியிருக்கிறது. தி டேல்ஸில் அந்த இடத்தை அவர்கள் தொட்டுவிட்டார்கள், நிற்கவில்லை.

நின்று பார்த்த கதை ஒன்றும் உண்டு. அது சோவியத் நாட்டில். 1979 ஏப்ரலில் யூரல் மலைப்பகுதியின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்தில் ஆந்த்ராக்ஸ் வந்து குறைந்தது 66 பேர் இறந்தார்கள். நம் ஊர் மாடு வளர்ப்பவர்கள் அடைப்பான் என்று சொல்லும் நோய்தான். கெட்டுப்போன இறைச்சி விற்றதால் வந்தது என்றது அரசாங்கம். ஊரில் கிருமி ஆயுத ராணுவக் கூடம் இருக்கிறதே என்றவர்களுக்கு மறுப்புதான் பதில். 1992ல் மேத்யூ மெசல்சன் என்ற ஹார்வர்ட் விஞ்ஞானியின் குழு அங்கே போனது. குழுவில் இருந்த சமூகவியலாளர் ஜீன் கில்லமின் இறந்தவர்களின் குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். எங்கே குடியிருந்தார், எங்கே வேலை, பகலில் எங்கே இருப்பார் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டார்கள். அந்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது, ராணுவக் கூடத்திலிருந்து தென்கிழக்காக நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய பட்டை தெரிந்தது. அதே திசையில் 50 கிலோமீட்டர் வரை கிராமங்களில் கால்நடைகள் செத்திருந்தன. 1979 ஏப்ரல் 2, திங்கட்கிழமை, காற்று அந்தத் திசையில்தான் வீசியது என்று விமான நிலையத்தின் பதிவேடு சொன்னது. இறைச்சி காற்றில் பறந்து போகாது. 1994ல் வெளியான அந்தக் கட்டுரையை எழுதியவர்களின் பட்டியலில் லாங்மியூரின் பெயரும் இருக்கிறது. அச்சில் பார்க்க அவர் உயிரோடு இல்லை; முந்தைய வருடம் இறந்துவிட்டார்.

2000ல் சி.டி.சி., வேண்டுமென்றே பரப்பினால் மிகப் பெரிய ஆபத்தாகக் கூடியவை என்று முதல் வரிசையில் ஆறைக் குறித்தது: ஆந்த்ராக்ஸ், பெரியம்மை, பிளேக், போட்டுலிசம், துலரீமியா, எபோலா போன்ற இரத்தக்கசிவுக் காய்ச்சல்கள். ஆறும் ஒன்றுபோல் அல்ல என்பதைப் பொதுமக்கள் தெரிந்துகொள்வது நல்லது. நுரையீரலைத் தாக்கும் ஆந்த்ராக்ஸ் கொடியது, ஆனால் நோயாளியிடமிருந்து பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றுவதில்லை. பெரியம்மை தொற்றும், அது ஒழிந்த பிறகு உலகம் ஊசி போடுவதை நிறுத்திவிட்டதால் இளம் வயதினரில் பெரும்பாலோருக்கு எதிர்ப்பு இல்லை. அதிகாரபூர்வமாக அந்த வைரஸ் இருப்பது அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் மட்டும். நுரையீரல் பிளேக் இருமலில் பரவும், ஆனால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கே உடனே கொடுத்தால் காப்பாற்றும். போட்டுலிசம் கிருமியின் விஷத்தால் வருவது, அதற்கு மாற்று மருந்து உண்டு. எந்த நோய் என்று எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ, அவ்வளவு உயிர் மிஞ்சும்.

மறு வருடமே அது சோதனைக்கு வந்தது. 2001 அக்டோபர் 2ல் ஃபுளோரிடாவின் ஒரு ஆஸ்பத்திரியில் 63 வயதுப் புகைப்பட ஆசிரியர் ஒருவர் சுயநினைவு தடுமாறி வந்து சேர்ந்தார். அவருடைய முதுகுத் தண்டு நீரில் தெரிந்த நீள நீளமான பாக்டீரியாவைப் பார்த்த மருத்துவர் லாரி புஷ், ஆந்த்ராக்ஸாக இருக்கலாம் என்று தயங்காமல் சுகாதாரத் துறைக்குச் சொன்னார். மாநில ஆய்வகத்தில் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள். 4ஆம் தேதி உறுதியானது. நோயாளி மறுநாள் இறந்தார். தபாலில் தூளாக அனுப்பிய கிருமி என்பது பிறகு தெரிந்தது. மொத்தம் 22 பேருக்கு நோய், 5 பேர் இறந்தார்கள்.

அந்த ஐந்தில் இரண்டு மரணங்கள் மனதை விட்டுப் போவதில்லை. அக்டோபர் 15ல் வாஷிங்டனில் ஒரு செனட்டரின் அலுவலகத்தில் அப்படியொரு கடிதம் பிரிக்கப்பட்டது. செனட் ஊழியர்களுக்கு உடனே மருந்து கிடைத்தது. அந்தக் கடிதம் கடந்துவந்த பிரென்ட்வுட் தபால் நிலையத்தில் வேலை வழக்கம்போல் நடந்தது. ஒட்டிய கவரிலிருந்து கிருமி வெளியே வராது என்று நம்பினார்கள். காகிதத்தின் துளைகளை விட அந்தத் தூள் நுண்ணியது. பிரித்தடுக்கும் இயந்திரம் கவரை அழுத்தும்போது வெளியே வந்து காற்றில் கலந்தது. 21ஆம் தேதி நிலையத்தை மூடினார்கள். அதற்குள் தாமதமாகிவிட்டது, இரண்டு தபால் ஊழியர்கள் இறந்தார்கள். கடிதம் யாருக்கு வந்ததோ அவரைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தவர்கள், கடிதத்தைக் கையால் தொட்டு அனுப்பியவர்களைப் பார்க்கவில்லை. அந்தக் கடிதம் எந்தெந்தக் கை வழியாக வந்தது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அனுப்பியது ராணுவத்தின் சொந்த ஆய்வகத்திலிருந்த விஞ்ஞானி என்று எஃப்.பி.ஐ. 2010ல் முடிவு சொன்னது. அவர் 2008லேயே இறந்துபோனதால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை.

லாங்மியூரின் பயிற்சி முறை பல நாடுகளுக்குப் போனது. 1980ல் தாய்லாந்து தொடங்கியது. சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001ல் இதே வகைக் களப்பயிற்சியில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. 2012ல் டெல்லியில் இந்திய இ.ஐ.எஸ். வந்தது. ஆனால் இவர்கள் எல்லாம் ஓடுவதற்குக் கீழேயிருந்து ஒரு தகவல் வர வேண்டும். அதற்குத்தான் 2004ல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம். கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், ஆய்வகம் என்று மூவரும் தனித்தனிப் படிவத்தில் எழுதுகிறார்கள். வாரந்தோறும் அனுப்பிவந்த இந்தத் தகவல் இப்போது கணினியில் போகிறது. செவிலியரின் படிவத்தில் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று வரிசையாகக் கட்டங்கள் உண்டு. அவை எதிலும் அடங்காமல், சாவிலோ ஆஸ்பத்திரிப் படுக்கையிலோ கொண்டுபோய் விடும் அசாதாரண அறிகுறிகளுக்கு என்று ஒரு வரி தனியாக இருக்கிறது. பெரும்பாலான வாரங்களில் அந்த வரியில் எழுத எதுவும் இருக்காது. அப்போதும் அதில் பூஜ்யம் என்று எழுதி அனுப்ப வேண்டும்.